எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் பைக்: பின்பக்கம் லிங்கேஜா, நேரடி ஷாக்கா?

புழுதிவண்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் பைக் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். விற்கிற எண்ணமெல்லாம் இல்லை, டிராக்கில் ஓட்டிப் பார்க்கத்தான். மோட்டார் கையில் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியின் வரைபடம் முடிந்துவிட்டது. முன்பக்கத்துக்கு ஒரு பழைய 250-இன் ஃபோர்க் கிடைத்திருக்கிறது.

இழுபறி பின்பக்கத்தில்தான். பேட்டரியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டோம். பெட்டியின் அடிப்பாகம் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) பிவட்டுக்கும், அதாவது அது ஃப்ரேமில் அசையும் அச்சுக்கும் கீழே இறங்கி நிற்கிறது. ஷாக் அப்சார்பருக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே இணைப்புக் கம்பிகளால் ஆன லிங்கேஜ் வைத்தால் அது சரியாக அங்கேதான் வந்து இடிக்கும். வெல்டிங் பார்க்கும் நண்பன், "லிங்கேஜே வேண்டாம்டா, ஷாக்கை நேரா ஸ்விங்ஆர்ம்ல மாட்டு, பேரிங் செலவும் மிச்சம்" என்கிறான். இன்னொருவன் ஸ்டார்க் வார்க் என்ற எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் பைக்கின் படத்தைக் காட்டி, லிங்கேஜ் இல்லாமல் மோட்டோகிராஸ் பைக்கே கிடையாது என்கிறான்.

பின்சக்கர டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) 300 மி.மீ. எதிர்பார்க்கிறோம். வண்டி 115 கிலோவுக்குள் நின்றால் நல்லது. கியர்பாக்ஸ் இல்லை, மோட்டாரிலிருந்து வேகத்தைக் குறைக்கும் ஒரு ரிடக்‌ஷன், அப்புறம் செயின். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்ஷாக் எழுதியது:

வெல்டிங் நண்பருக்கு என் ஓட்டு.

கேடிஎம் 1998 முதல் பிடிஎஸ் என்ற பெயரில் நேரடி ஷாக் போடுகிறது. காடு, மலைப் பாதையில் ஓடும் எண்டியூரோ வண்டிகளில் இன்றைக்கும் அதுதான். அவர்களுடைய எலெக்ட்ரிக் ஃப்ரீரைட் இ-எக்ஸ்சியிலும் லிங்கேஜ் கிடையாது, 260 மி.மீ. டிராவலை நேரடி ஷாக்கே பார்த்துக்கொண்டது. அடியில் எதுவும் தொங்காது. மரக்கட்டை, பாறை மேல் ஏறும்போது லிங்கேஜ் வண்டிக்காரர்கள் 'டங்'கென்று இடித்துவிட்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். சேற்றில் ஓட்டிவிட்டு வந்து நீடில் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் வைக்கும் வேலையும் இல்லை. கையால் கட்டுகிற வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கம்பிச்சுருள் எழுதியது:

தம்பி புழுதிவண்டி, நேர்ஷாக் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னது எண்டியூரோவுக்கு. நீங்கள் கட்டுவது மோட்டோகிராஸ். அதே கேடிஎம் மோட்டோகிராஸ் வண்டிகளில் என்ன செய்தது? 2011 மாடல் எஸ்எக்ஸ்-எஃப் வரிசையில் லிங்கேஜுக்கு மாறியது. அந்த லிங்கேஜ் வைத்த 350-ஐ ஓட்டித்தான் ஆன்டோனியோ கைரோலி 2010-இல் எம்எக்ஸ்1 உலகப் பட்டம் வாங்கினார். காடு சுற்றுகிறவனுக்கு வேண்டியது ஒன்று, டேபிள்டாப் என்ற தட்டை உச்சி மேட்டிலிருந்து தட்டைத் தரையில் வந்து விழுகிறவனுக்கு வேண்டியது வேறு.

முதலில் லிங்கேஜ் எதற்கு என்று பார்ப்போம். ஷாக் 1 மி.மீ. அமுங்க, சக்கரம் எத்தனை மி.மீ. மேலே வர வேண்டும் என்பதுதான் லீவரேஜ் விகிதம். சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை அந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். விகிதம் கொஞ்சம் மாறினாலும் விளைவு பெரிதாக மாறும்.

ஓர் உதாரணக் கணக்கு. லிங்கேஜ் வண்டி, ஒரு மி.மீ.க்கு 54 நியூட்டன் ஸ்பிரிங். டிராவலின் தொடக்கத்தில் விகிதம் 2.9, கடைசியில் 2.2 என்று வையுங்கள். சக்கரத்தில் தொடக்கத்தில் 6.4, கடைசியில் 11.2. விகிதம் மாறிக்கொண்டே போவதால் கடைசியில் இன்னும் 2 அல்லது 2.5 கூடும். அதாவது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெத்தென்று போகும், பெரிய தாவலில் விழும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டியாகும். ஷாக்கின் தண்டு வேகமும் அதே கணக்கில் கூடுவதால் டாம்பிங்கும் (அசைவைத் தடுக்கும் எண்ணெய்த் தடையும்) சேர்ந்து ஏறும்.

நேரடி ஷாக்கில் விகிதம் 3-ஐ ஒட்டி ஓடும், பெரிதாக மாறாது. 66 நியூட்டன் ஸ்பிரிங் போட்டாலும் தொடக்கம் முதல் கடைசி வரை 7.3-தான். அதனால்தான் பிடிஎஸ் ஷாக்குக்கு உள்ளேயே, ஆழத்துக்குப் போகப் போக எண்ணெய் வழியை அடைக்கும் ஏற்பாட்டை வைத்தார்கள். லிங்கேஜ் வெளியே செய்வதை அது உள்ளே செய்கிறது. நன்றாகவும் செய்கிறது. ஆனால் அந்த வேலை தெரிந்த ஷாக் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? லிங்கேஜ் வண்டியிலிருந்து கழற்றிய ஷாக்கை நேரடியாக மாட்டினால், தாவி விழும்போதெல்லாம் கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப் வரை போய் முட்டும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் பிரேக்கிங் பம்ப்பில் (மூலைக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து உருவாகும் சிறு மேடுகளில்) பின்பக்கம் குதிக்கும்.

இன்னொன்று, விகிதம் 3 என்றால் 300 மி.மீ. டிராவலுக்கு ஷாக் 100 மி.மீ. மட்டுமே அமுங்கும். 2.5 என்றால் 120. தண்டு அதிகம் நகர்ந்தால் எண்ணெயும் அதிகம் நகரும். அதே வேலையைக் குறைந்த விசையில் செய்யலாம், சூடும் பரவலாகும், டாம்பிங்கை மாற்றும் கிளிக்கரைத் திருப்பினால் வித்தியாசமும் தெளிவாகத் தெரியும்.

நேர்ஷாக் எழுதியது:

> அந்த வேலை தெரிந்த ஷாக் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பழைய கேடிஎம் இஎக்ஸ்சி எண்டியூரோ வண்டியிலிருந்து! பிடிஎஸ் ஷாக், அதோடு ஸ்விங்ஆர்ம், ஆக்சில் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கழற்றிக்கொள்ளலாம். கோணமும் நீளமும் அந்த வண்டியில் இருந்தபடியே வைத்தால் போதும். லிங்கேஜை நாமே வரைந்து செய்வது என்றால் பிரம்மப் பிரயத்தனம்.

கம்பிச்சுருள் எழுதியது:

அது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஸ்விங்ஆர்மோடு எடுத்தால் மட்டும். ஷாக்கை மட்டும் வாங்கிவந்து கண்ணுக்கு அழகாக இருக்கிற கோணத்தில் மாட்டினால் பிடிஎஸ் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கேள்விக்குறி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எலெக்ட்ரிக்தானே, ஸ்கூட்டர் மாதிரி மோட்டாரைப் பின்சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் செயினும் வேண்டாம், இந்த பிவட் தொல்லையும் வேண்டாம் அல்லவா?

நிலாமதி எழுதியது:

வேண்டாம். மோட்டோகிராஸில் சக்கரம் தரையைப் பின்தொடர வேண்டுமென்றால் அது லேசாக இருக்க வேண்டும். ஹப்புக்குள் மோட்டாரின் எடையைப் போட்டால் ஒவ்வொரு மேட்டிலும் அந்த எடையையும் சேர்த்து மேலே தூக்கி, பிறகு நிறுத்தி, கீழே இறக்க வேண்டியது ஷாக்தான். தாவி விழும் அடியும் மோட்டார் பேரிங்குக்கு நேராகப் போகும். அதோடு செயின் இழுவையால் கிடைக்கும் ஒரு வசதியையும் இழந்துவிடுவீர்கள். உண்மையில் இந்த இழையில் யாரும் இன்னும் தொடாத விஷயம் அதுதான், விரிவாகவே எழுதுகிறேன்.

லிங்கேஜா நேரடியா என்பதைவிட முன் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஸ்விங்ஆர்ம் பிவட்டும் எங்கே இருக்கின்றன என்பதே எலெக்ட்ரிக் வண்டியில் பெரிய முடிவு என்பது என் கட்சி.

த்ராட்டில் திறக்கும்போது எடை பின்னால் போகும், பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். அதே நேரம் இரண்டு விசைகள் ஸ்விங்ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளி, அமுங்குவதைத் தடுக்கும். ஒன்று, டயர் ஆக்சிலை முன்னோக்கித் தள்ளுவது. ஆக்சில் பிவட்டைவிடத் தாழ்ந்து இருப்பதால் அந்தத் தள்ளல் ஸ்விங்ஆர்மைக் கீழே இறக்கும். இரண்டாவது, செயினின் மேல்பக்க இழுவை. பின் ஸ்ப்ராக்கெட் பெரிது, முன்னது சிறிது, ஆகவே மேல் செயின் ஸ்விங்ஆர்முக்கு இணையாக ஓடாமல் முன்னால் போகப் போக அதை நெருங்கும். அந்தக் கோணமே ஆக்சிலைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஆன்ட்டி-ஸ்குவாட்.

எண்களில் பார்த்தால்: ஸ்விங்ஆர்ம் 12 டிகிரி சாய்வு, முன்னே 13 பல், பின்னே 48 பல், ஸ்ப்ராக்கெட் பிவட்டை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் தரையைத் தள்ளும் விசையில் 0.2 பங்கு முதல் வழியிலும், 0.4 பங்கு செயின் வழியிலும் கீழ்நோக்கிக் கிடைக்கும். மொத்தம் 0.6. ஓட்டுபவரோடு சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.9 மீட்டர், வீல்பேஸ் 1.48 மீட்டர் என்றால் பின்னால் போகும் எடையும் அதே 0.6 பங்குதான். இரண்டும் சமன், பின்பக்கம் எழவும் இல்லை, உட்காரவும் இல்லை.

இப்போது முன் ஸ்ப்ராக்கெட்டை 10 மி.மீ. மேலே தூக்குங்கள். செயின் ஸ்விங்ஆர்முக்கு இணையாவதை நோக்கிக் கொஞ்சம் நகரும், பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். கீழே இறக்குங்கள், த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் பின்பக்கம் விறைத்துத் தூக்கி நிற்கும், மேடுபள்ளத்தில் சக்கரம் உதைக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்ப்ராக்கெட்டின் இடத்தைக் கிராங்க், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன, சேஸிஸ்காரருக்குக் கிடைப்பது மிச்சம்தான். எலெக்ட்ரிக்கில் அது உங்கள் கையில். பிவட்டின் அச்சிலேயே ஸ்ப்ராக்கெட்டை வைக்கக்கூட முடியும். பெட்ரோலில் பிஎம்டபிள்யூ ஜி450எக்ஸ் அப்படிச் செய்து பார்த்தது, அதற்காகக் கிளட்சைக் கிராங்க் மேலேயே கொண்டுபோக வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அச்சு ஒன்றானால் டிராவல் முழுக்கச் செயின் தொய்வு மாறாது.

ஸ்டார்க் வார்க் வெளிவந்தபோது பின்சக்கரத்தில் 938 நியூட்டன் மீட்டர் டார்க் என்று அறிவித்தார்கள். சக்கர ஆரம் 34 செ.மீ. என்றால் தரையில் 2,750 நியூட்டனுக்கு மேல். 118 கிலோ வண்டி, 80 கிலோ ஆள், மொத்த எடையே 1,950 நியூட்டனுக்குள்தான். மண்ணில் டயருக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. ஆக டார்க் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை, கிடைக்கிற பிடிமானத்தைப் பின்பக்க வடிவியல் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதுதான் பேச்சு.

புழுதிவண்டி எழுதியது:

நிலாமதி அக்கா, இதைப் படித்துவிட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஸ்ப்ராக்கெட் மையம் பிவட்டுக்கு 90 மி.மீ. முன்னால், 25 மி.மீ. மேலே இருக்கிறது. மோட்டார் எங்கே பொருந்துகிறதோ அங்கே வைத்தோம்.

நிலாமதி எழுதியது:

25 மேலே என்பது அதிகம். ரிடக்‌ஷன் பெட்டியைச் சுழற்றிப் பாருங்கள். மோட்டார் அச்சு அப்படியே இருக்க, வெளியேறும் அச்சைக் கீழே, பின்னே கொண்டுவர முடியும். பேட்டரிப் பெட்டியைத் தொடக்கூட வேண்டாம். 90-ஐயும் குறைக்கப் பாருங்கள். எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு செயின் தொய்வு மாறும், நீண்ட டிராவலில் அது தொந்தரவு.

கம்பிச்சுருள் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த 0.6 எல்லாம் ஸ்விங்ஆர்ம் 12 டிகிரியில் இருக்கும்போது. சக்கரம் மேலே வர வர ஸ்விங்ஆர்ம் தட்டையாகும், ஆன்ட்டி-ஸ்குவாட்டும் சரியும். ஆகவே ஸாக் (எடை ஏறியதும் பின்பக்கம் அமுங்கும் அளவு) சரியாக வைக்காதவனுக்கு எந்த வடிவியலும் உதவாது. 300 மி.மீ. வண்டியில் ஆள் ஏறி நின்றால் 100 முதல் 105 மி.மீ. அமுங்க வேண்டும், ஆள் இல்லாமல் 30 முதல் 40. ஸர்-ரான் லைட் பீ என்ற எலெக்ட்ரிக் பைக் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தை உயர்த்த முக்கோண லிங்க்கை மாற்றுகிறார்கள் இல்லையா, உயரம் கூடுவது மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. லீவரேஜும் மாறுகிறது, ஸ்விங்ஆர்ம் கோணமும் மாறுகிறது, அப்புறம் "ஷாக் சரியில்லை" என்று புது ஷாக் தேடுகிறார்கள்.

ஸாக்கில் எலெக்ட்ரிக்குக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. பெட்ரோல் வண்டி 7 லிட்டர் டேங்கோடு கிளம்பினால் தீரும்போது 5 கிலோ இளைத்திருக்கும். பேட்டரி இளைப்பதில்லை. முதல் சுற்றில் வைத்த ஸாக் கடைசிச் சுற்றிலும் அதேதான்.

வடக்குக்காற்று எழுதியது:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், என்னிடம் வார்க் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் த்ராட்டில் திறப்பதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு எலெக்ட்ரிக்கில் புதிதாக இருந்தது மூடுவது.

ரீஜென் (த்ராட்டிலை மூடும்போது மோட்டாரே பிரேக்காகிப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது) அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். கூட்டி வைத்தால் பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எஞ்சின் பிரேக்கிங் மாதிரி இழுத்துப் பிடிக்கும். மூலைக்கு முன்னால் பிரேக்கிங் பம்ப் வரிசையாக இருக்கும் இடத்தில் பின்பக்கம் தாழ்ந்தபடியே போவதை உணர முடிகிறது. முதலில் நல்லதாகவே தோன்றியது. ஆனால் மூன்றாவது நான்காவது பம்ப்புக்குள் டிராவல் தீர்ந்துபோய் முதுகில் இடிக்கிறது. கால் பிரேக் என்றால் மேட்டில் ஏறும் கணத்தில் அனிச்சையாக விட்டுவிடுவோம். ரீஜென் வலது கை மூடியிருக்கும்வரை விடாது.

ரீஜெனைக் குறைத்து, ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வதை மெதுவாக்கும் டாம்பிங்கை) இரண்டு கிளிக் திறந்துவிட்டேன், சரியாகிவிட்டது. லிங்கேஜ், கேஒய்பி ஷாக் எல்லாம் முதல்தரம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம் இல்லாததால் செயின் ஸ்விங்ஆர்மில் அடிப்பதுகூடக் காதில் விழும், அதை வைத்தே பின்பக்கம் என்ன செய்கிறது என்று ஊகிக்கலாம்.

நேர்ஷாக் எழுதியது:

ரீஜென் பின்பக்கத்தைத் தாழ்த்துமா? பிரேக் பிடித்தால் பின்பக்கம் எழும் அல்லவா? எடை முன்னால் போகிறதே.

நிலாமதி எழுதியது:

எடை முன்னால் போவதால் எழப் பார்க்கும், சரிதான். ஆனால் ரீஜெனில் செயினின் கீழ்ப்பக்கம் இறுகுகிறது. அது ஸ்விங்ஆர்மைவிடச் செங்குத்தாக, முன்னால் மேல்நோக்கிப் போகிறது. ஆகவே ஆக்சிலை மேலே, அதாவது வண்டிக்குள் இழுக்கும். டயரைத் தரை பின்னோக்கி இழுப்பதும் ஸ்விங்ஆர்மைத் தட்டையாக்கும். மேலே போட்ட அதே கணக்குதான், திசை மட்டும் எதிர். காலிப்பர் ஸ்விங்ஆர்மில் இருக்கும் டிஸ்க் பிரேக்கும் இதையே செய்கிறது, அதே வடிவியலில் சுமார் 0.75 பங்கு, ரீஜென் 0.6. ஆக அளவில் பிரேக்கே கொஞ்சம் பலம். ஆனால் வடக்குக்காற்று சொன்ன மாதிரி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறோம், ரீஜென் தொடர்ந்து பிடிக்கிறது. ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் சக்கரம் கீழே திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

கேள்விக்குறி கேட்ட ஹப் மோட்டாருக்கும் இதே பதில்தான். அதன் எதிர்த்திருப்பம் முழுக்க ஸ்விங்ஆர்மில் நேராக இறங்கும், த்ராட்டிலில் 0.75 அளவுக்குத் தூக்கும். ஸ்ப்ராக்கெட்டை நகர்த்திக் குறைக்கலாம் என்றால் ஸ்ப்ராக்கெட்டே இல்லை.

கேள்விக்குறி எழுதியது:

புரிந்தது அக்கா. பாதி.

நேர்ஷாக் எழுதியது:

சரி, ஸ்ப்ராக்கெட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது லிங்கேஜுக்கான வாதம் இல்லையே! ஸ்ப்ராக்கெட்டைச் சரியாக வைத்துவிட்டு நேரடி ஷாக் போட்டால் என்ன குறை?

கம்பிச்சுருள் எழுதியது:

குறை தாவி விழுவதில். அதை முன்பே எழுதிவிட்டேன். இன்னும் ஒரு பழைய கதை சொல்கிறேன், வயசானவன் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யமஹா 1973-இல் ஒற்றை ஷாக் வண்டியை இறக்கியது. லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியக்காரரின் யோசனை அது. ஹாகன் ஆண்டர்சன் அந்த ஆண்டு அதில் 250 சிசி உலகப் பட்டம் வாங்கினார். டேங்குக்கு அடியில் நீளமாகப் படுத்த ஷாக், லிங்கேஜ் இல்லை. இரட்டை ஷாக் வண்டிகளைத் தூக்கிச் சாப்பிட்டது. ஆனாலும் 1980, 81-இல் கவாஸாகி யூனி-ட்ராக், ஹோண்டா ப்ரோ-லிங்க், சுசுகி ஃபுல் ஃப்ளோட்டர் என்று எல்லோரும் லிங்கேஜுக்கே போனார்கள். டிராவல் 300 மி.மீ. பக்கம் வந்ததும், ஒரே விகிதத்தில் மென்மையையும் கெட்டியையும் இரண்டையும் தர முடியவில்லை என்பதுதான் காரணம். எலெக்ட்ரிக்கிலும் மோட்டோகிராஸ் என்று வந்தவர்கள் அதே வழியில்தான் போனார்கள். 2018-இல் மூடிப்போன கலிஃபோர்னியாவின் ஆல்ட்டா ரெட்ஷிஃப்ட்டிலும் டபிள்யூபி ஷாக் லிங்கேஜோடுதான் இருந்தது.

ஆனால் பெட்ரோல் வண்டியில் ஷாக் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால், பாதிக் காரணம் எஞ்சின். காற்றுப் பெட்டி பின்னால், அதிலிருந்து வரும் குழாய் ஷாக்கைச் சுற்றி வளைந்து போக வேண்டும், ஒரு பக்கம் சைலன்ஸர். உங்களிடம் காற்றுப் பெட்டி இல்லை, சைலன்ஸர் இல்லை. சீட்டுக்கு அடியில் முழு அறையும் காலி. ஆகவே தம்பி, லிங்கேஜ் அடியில்தான் தொங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ராக்கரை, அதாவது லிங்கேஜில் அச்சில் ஆடும் நெம்புகோலை, ஸ்விங்ஆர்முக்கு மேலே வைக்கலாம். ஸ்விங்ஆர்மிலிருந்து ஒரு இழுகம்பி அல்லது தள்ளுகம்பி, ஃப்ரேமில் ராக்கர், அதிலிருந்து ஷாக். முதல் ஃபுல் ஃப்ளோட்டரில் ராக்கர் மேலேதான் இருந்தது. பேட்டரிப் பெட்டி அப்படியே இருக்கட்டும்.

நேர்ஷாக் எழுதியது:

மேலே வைத்தால் எடையும் மேலே போகுமே.

கம்பிச்சுருள் எழுதியது:

ராக்கரும் கம்பிகளும் எவ்வளவு எடை இருக்கும்? 30 கிலோவைத் தாண்டும் பேட்டரியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு கிலோ உலோகத்துக்குக் கவலைப்பட வேண்டாம். என் கவலை ராக்கர் தாங்கும் இடம் வளையாமல் இருக்குமா என்பதுதான். தாவி விழும்போது ஷாக்கில் ஏறும் ஸ்பிரிங் விசை மட்டுமே 6,000 நியூட்டனைத் தாண்டும், டாம்பிங் விசை தனி. சும்மா ஒரு தகட்டை வெல்ட் வைத்துத் தொங்கவிட்டால் விரிசல் விடும். பேட்டரிப் பெட்டி சுமை தாங்கும்படி வடிவமைத்ததா, வெறும் டப்பாவா? டப்பா என்றால் ராக்கர் தாங்கியை அதில் பொருத்தாதீர்கள், ஃப்ரேம் குழாய் இரண்டையும் குறுக்கே கட்டி அதில் வையுங்கள்.

புழுதிவண்டி எழுதியது:

வெறும் டப்பாதான் அண்ணா, 3 மி.மீ. அலுமினியம். அதில் ஒன்றையும் மாட்டவில்லை.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம். ரிடக்‌ஷன் பெட்டியைச் சுழற்றினால் ஸ்ப்ராக்கெட் மையம் பிவட்டுக்கு 60 முன்னால், 5 மேலே வருகிறது. அதற்குமேல் இறக்கினால் செயின் ஸ்விங்ஆர்மைத் தேய்க்கிறது. ராக்கர் மேலே. தள்ளுகம்பியின் இரண்டு முனைகளுக்கும் இடம் மாற்றும்படி மூன்று மூன்று துளை வைக்கலாம் என்று நினைக்கிறோம், விகிதத்தை 2.9-இலிருந்து 2.2, 2.8-இலிருந்து 2.3 என்று மாற்றிப் பார்க்க. ஷாக் ஒரு 450-இலிருந்து கழற்றியது. வெல்டிங் நண்பன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

நேர்ஷாக் எழுதியது:

அவருக்கு என் அனுதாபங்கள். இஎக்ஸ்சி ஸ்விங்ஆர்ம் யோசனையை ஓரமாக வைத்திருங்கள், ராக்கர் வளைந்தால் உதவும்.

கம்பிச்சுருள் எழுதியது:

துளை மூன்று வேண்டாம், இரண்டு போதும். நெருக்கமாகப் போட்டால் இடையில் உள்ள உலோகம் கிழியும்.

வெல்டை முடிக்குமுன் ஒரு வேலை. ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் உடலை மாட்டுங்கள். ஸ்விங்ஆர்மை முழுக்கக் கீழே இருந்து பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை தூக்குங்கள். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் ஆக்சில் உயரத்தையும் ஷாக் நீளத்தையும் அளந்து எழுதுங்கள், விகிதம் காகிதத்தில் வந்ததா என்று அப்போது தெரியும். கடைசி நிலையில் டயருக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைந்தால் போதாது, மண் ஒட்டிய டயர் சுழல வேண்டும், 20 மி.மீ.யாவது விடுங்கள். மோட்டார் கேபிள்கள் ராக்கருக்குப் பக்கத்தில் போகின்றனவா என்றும் பார்த்து, படத்தோடு இங்கே போடுங்கள்.